ஞாயித்துக்கிழமைக் கணக்குல ஒரு சனி ராத்திரி

போன மாசம் ஒருத்தர் எனக்கு மெசேஜ் போட்டிருந்தார். யாருன்னு தெரியாது. மறைமலை நகர்ல ஏதோ ஒரு கம்பெனியில லைன்ல வேலை பாக்குறவர்னு மட்டும் தெரிஞ்சுச்சு. நான் எழுதின ஷிப்ட் ஆப்பைத்தான் பயன்படுத்துறாராம், நல்லா இருக்காம். ஆனா தொறந்ததும் மொத வேலையா 'உங்க கம்பெனியில ராத்திரி ஷிப்ட் எந்த நாள் கணக்கு? உள்ள போற நாளா, வெளிய வர்ற நாளா?'ன்னு கேக்குதே, அது தொந்தரவா இருக்காம். பதில் சொல்லாம மேல போகவும் விடமாட்டேங்குதாம். அந்தக் கேள்வியைத் தூக்கிட்டு, ஆப்போட புரோகிராம் கோடை அவரே திருத்தி அனுப்பியிருக்கார், சேத்துக்கங்கன்னு கேட்டிருந்தார். மரியாதையாத்தான் கேட்டிருந்தார். எனக்குத்தான் சுர்ருன்னு ஏறிடுச்சு.

நான் ஒண்ணும் பெரிய சாப்ட்வேர் ஆள் இல்ல. ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல பகல் வேலை. மிச்ச நேரத்துல புரோகிராம் கோடு எழுதுறது ஒரு பைத்தியம், அவ்வளவுதான். மூணு ப்ராஜெக்ட் வச்சிருக்கேன். யாரு வேணா எடுத்துக்கலாம், உள்ள பாக்கலாம், மாத்தலாம்னு பொதுவுல போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு, மோட்டார் போட்டா எத்தனை நிமிஷத்துல மாடி டேங்க் நெறையும்னு சொல்றது. இன்னொண்ணு, கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வரும்ங்கிறது. அது பாதி தப்பு. டிரைவர் அண்ணனுங்க டீ குடிக்கிற நேரத்தை எந்தக் கணக்குலயும் அடக்க முடியாது. மூணாவதுதான் இந்த ஷிப்ட் ஆப், இருக்கிறதுலயே பழசு. எதை மாத்தினாலும் என்ன மாத்தினேன்னு ரெண்டு வரி அப்டேட் குறிப்பு எழுதிப் போடுவேன். அதை என் வீட்டுக்காரர் கூடப் படிக்கிறதில்ல. பிடிச்சவங்க ஸ்டார் போடலாம். பதினொரு ஸ்டார் இருக்கு, அதுல நாலு நானே ஆள் பிடிச்சுக் கெஞ்சி வாங்கினது.

அந்த மனுசனுக்குச் சூடா ஒரு பதில் அடிச்சேன். அனுப்பாம அழிச்சேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். அந்தக் கேள்வி ஏன் அங்க இருக்குன்னு அதுவரைக்கும் நான் எங்கயுமே எழுதி வைக்கல. முழுக் கதைய இப்ப எழுதுறேன்.

அப்ப நான் சுங்குவார்சத்திரத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தேன். எங்க ஊரு பரமக்குடிப் பக்கம். டிப்ளமா முடிச்ச கையோட, பென்னலூர்ப் பக்கம் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யிற ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு சொன்னாங்க, பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். ஹாஸ்டல் ஓனர் உள்ளூர்க்காரர். தன்னோட நெலத்துலயே மூணு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு ரூமுக்கு எட்டு இரும்புக் கட்டில். எட்டுப் பேருக்கும் ஒரே ஷிப்ட்னா தொல்லை இல்ல. எங்க ரூம்ல ஏ ஷிப்ட்டும் இருக்கும், பி ஷிப்ட்டும் இருக்கும், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் சி ஷிப்ட்டும் இருக்கும். எந்நேரமும் யாராவது ரெண்டு பேர் தூங்கிக்கிட்டே இருப்பாங்க. லைட் போட்டா சண்டை. பையோட ஜிப்பை வேகமா இழுத்தா சண்டை. ஒருத்தி பூண்டு ஊறுகா டப்பாவைத் தொறந்ததுக்கு, வாசனையில முழிச்சுட்டேன்னு இன்னொருத்தி ஒரு வாரம் பேசாம இருந்தா. இப்ப நெனச்சா சிரிப்பா வருது. சிரிச்சு முடிச்சதும் ஏக்கமாவும் இருக்கு. எட்டுப் பேர் மூச்சு விட்ட அந்த ரூம்ல தூங்கின தூக்கம், இப்ப ஏசி போட்டுக்கிட்டுப் படுத்தாலும் வரமாட்டேங்குது.

யாருக்கு எந்த ஷிப்ட்டுங்கிறதே எங்களுக்குப் பெரிய தலைவலி. கம்பெனியில கேண்டீன் வாசல்ல ஒரு லிஸ்ட் ஒட்டுவாங்க. போட்டோ எடுக்கலாம்னா போன் கேட்லயே லாக்கருக்குப் போயிடும். அதனால சாப்பிடப் போறப்ப பேனாவால உள்ளங்கையில எழுதிக்கிட்டு வருவோம். கையக் கழுவினா பாதி போயிடும். மிச்சத்தை ரூம்ல வந்து சேத்து வச்சு, நீ சொல்றதா நான் சொல்றதான்னு மல்லுக்கு நிப்போம்.

அதுக்காகத்தான் நான் மொத மொத அந்த ஆப்பை எழுதினேன். கம்ப்யூட்டர் ஏது? மூலையில உடைஞ்ச ஒரு போன்லதான். கம்பெனி பஸ்ஸுல போறப்ப வர்றப்ப ஒத்தைக் கட்டை விரல்ல தட்டித் தட்டி எழுதுவேன். ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னா அதைத் தேடி முடிக்கிறதுக்குள்ள ஸ்டாப் வந்துடும். ரெண்டு மாசம் ஆச்சு. 'யாரு தூங்குறா'ன்னு பேரு வச்சேன். லிஸ்ட்டை ஒரு தடவை அதுல ஏத்திட்டா, எட்டுப் பேர்ல யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எத்தனை மணிக்கு பஸ், இப்ப யாரு தூங்குற நேரம்னு காட்டும். தூங்குறவங்க பேரு மட்டும் மங்கலாத் தெரியும். மொத நாள் அது சரியா வேலை செஞ்சப்ப, தூங்குறவளுங்களை எழுப்பிடக் கூடாதேன்னு பாத்ரூமுக்குள்ள போய் நின்னு குதிச்சேன்.

பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தா. சாத்தூர்க்காரி, என்னை விட அஞ்சு வயசு மூத்தவ, எங்களுக்கு முன்னாடியே வந்து அஞ்சு வருசம் ஆனவ. அவதான் என் ஆப்புக்கு மொத ரசிகை, மொத எதிரியும் அவதான். எங்க தப்பு இருக்குன்னு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத் தேடுவா. ஒரு தடவை அவ பேரு ரெண்டு தடவை வந்துடுச்சு. ஒருத்தி தூங்கட்டும், இன்னொருத்திய வேலைக்கு அனுப்புன்னு ரூம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வச்சா. நான் சொல்லாமக் கொள்ளாம எதையாவது மாத்திடுவேன்னு, என்ன மாத்தினாலும் எழுதிப் போடணும்னு கட்டளை போட்டதும் அவதான். அந்த அப்டேட் குறிப்பு எழுதுற பழக்கம் அப்படித்தான் வந்துச்சு. மொத குறிப்பே 'அக்கா இனிமே ஒரே ஆள்தான்'னு இருக்கும். இப்பவும் இருக்கு, போய்ப் பாக்கலாம்.

அக்கா அரசாங்கப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தா. ரூம்ல லைட் போட முடியாதுல்ல, அதனால மொட்டை மாடியில தண்ணி டேங்க் நெழல்ல ஒரு சாக்கை விரிச்சு உக்காந்து படிப்பா. ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் கொஞ்சத்துல போயிருந்துச்சு. இது மூணாவது. வீட்ல கறாராச் சொல்லிட்டாங்க, இதுதான் கடைசி, இதுலயும் போச்சுன்னா வர்ற தையில கல்யாணம்னு. அவங்க அப்பா ஒரு மாப்பிள்ளையப் பேசி வச்சுட்டு ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. மாப்பிள்ளை நல்ல மாதிரிதானாம், அக்காவே சொன்னா. ஆனா அவளுக்குத் தன் ஊரு தாலுகா ஆபீஸுல மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரணும்னு ஆசை. சாதிச் சான்றிதழ் ஒண்ணுக்கு அந்த ஆபீஸ் வாசல்ல அவ அம்மா எத்தனை நாள் நின்னான்னு ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கா. பரீட்சை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, காஞ்சிபுரத்துல ஒரு ஸ்கூல்ல.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

எங்க கம்பெனியில ராத்திரி ஷிப்ட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. சனிக்கிழமை ராத்திரி பத்துக்கு உள்ள போய் ஞாயிறு காலைல ஆறுக்கு வெளிய வந்தா, அதுல ரெண்டு மணி நேரம்தான் சனி, ஆறு மணி நேரம் ஞாயிறு. அதனால லிஸ்ட்ல அது 'ஞாயிறு – சி'ன்னு இருக்கும். அதாவது ஞாயிறு சி-ன்னா சனிக்கிழமை ராத்திரியே சோறு கட்டிக்கிட்டு பஸ் ஏறணும். புதுசா வர்ற ஒவ்வொருத்தியும் இதுல ஒரு தடவை ஏமாந்து ஒரு நாள் கழிச்சுப் போய் நிப்பா, லைனே கைதட்டிச் சிரிக்கும். நானும் நின்னிருக்கேன். என் ஆப் அந்தக் கணக்கைச் சரியாத்தான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு.

பரீட்சை நடக்குற வாரம், செவ்வாய்க்கிழமை, ஒரகடத்துல வேற ஒரு கம்பெனியில வேலை பாக்குற பொண்ணுகிட்ட இருந்து எனக்கு ஒரு புகார் வந்துச்சு. என் ரூமைத் தாண்டி வெளிய இருந்து வந்த மொத புகார். எனக்குத் தலைகால் புரியல. எங்கயோ இருக்கிற ஒருத்தி என் ஆப்பைப் பயன்படுத்துறா! அவ எழுதியிருந்தா, ராத்திரி ஷிப்ட்டு பஸ் எல்லாம் ஒரு நாள் முன்னாடியே காட்டுது, சரி பண்ணுங்கன்னு. அவ கம்பெனியில உள்ள போற நாள்தான் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்ங்கிறது என் மண்டையில உறைக்கவே இல்ல. அவ கேட்டாளேங்கிற குஷியில, அன்னைக்கே உக்காந்து எல்லாருக்கும் சேத்து ஒரு நாள் தள்ளி வச்சுட்டேன். 'இரவு ஷிப்ட் தேதி சரிசெய்யப்பட்டது'ன்னு குறிப்பு வேற. வழக்கமா நாங்க பேசுற மாதிரிதான் எழுதுவேன். அன்னைக்கு வெளியாளு படிப்பாளேன்னு செய்தி வாசிக்கிற தமிழ். அந்தப் பெருமையில என் ரூமை ஒரு தடவை கூடச் சோதிச்சுப் பாக்கல.

அக்கா போன்ல என்ன காட்டியிருக்கும்? சனி, லீவு. ஞாயிறு, ராத்திரி ஒன்பது மணி பஸ். அவ லிஸ்ட்டைப் பாக்குறதை விட்டு ரொம்ப நாளாச்சு. என்னை நம்பி விட்டிருந்தா. செவ்வாய்க்கு அப்புறம் எங்க ரூம்ல மொத ராத்திரி ஷிப்ட்டே அவளோடதுதான், அதனால அதுவரைக்கும் யாருக்கும் தப்பு தெரியல. சனி ராத்திரி நல்லாத் தூங்கி, ஞாயிறு பரீட்சை எழுதிட்டு, அன்னைக்கு ராத்திரி வேலைக்குப் போனாப் போதும், ஷிப்ட் மாத்திக்கத் தேவையே இல்லன்னு நிம்மதியா இருந்தா. சனிக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளிச்சுட்டு மாடியில முடியக் காய வச்சுக்கிட்டே படிச்சா. ராத்திரி எட்டு மணி இருக்கும், பக்கத்து ரூம் பொண்ணு சோத்து டப்பாவோட வந்து எட்டிப் பாத்து, இன்னும் கெளம்பலயாக்கான்னு கேட்டா. அக்கா எதுக்குன்னு கேட்டா. எனக்கு அந்த நிமிசமே புரிஞ்சு போச்சு.

ஷிப்ட் மாத்திக்கிறது எங்களுக்குள்ள சகஜம்தான். ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டை வியாழக்கிழமைக்குள்ள சூப்பர்வைசர்கிட்ட குடுத்தாகணும். நான் அந்த ராத்திரி சும்மாதான் இருந்தேன், நானே அவளுக்காகப் போயிருப்பேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு அழாத கொறையாக் கேட்டேன். அவர் இந்த ஊர்க்காரர், கெட்ட மனுசன் இல்ல. "இன்னாம்மா, இப்ப வந்து சொல்லிக்கினு கீற? வியாழக்கிழம சொல்லியிருந்தா மாத்தி உட்ருப்பேன்ல"ன்னார். லீவு போட்டுடலாம்னா, சான்றிதழ் வாங்க ஊருக்குப் போனதுல அக்காவுக்கு ஏற்கெனவே ரெண்டு நாள் சொல்லாத லீவு விழுந்திருந்துச்சு. மூணாவது விழுந்தா காண்ட்ராக்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க. பேரு போயிடுச்சுன்னா ரிசல்ட் வர்ற வரைக்கும் கூட வீட்ல விட மாட்டாங்க, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. அக்கா முடிய அள்ளிப் பின்னிக்கிட்டு, யூனிபார்மை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

காலைல ஆறரைக்கெல்லாம் நான் பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன். கையில அவளோட ஹால் டிக்கெட், ரெண்டு பேனா, ஒரு மாத்துச் சுடிதார். டீக்கடை அக்கா என் மூஞ்சியப் பாத்துட்டு, "இன்னாமே, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"ன்னு கேட்டா. கம்பெனி பஸ் வந்துச்சு. அக்கா எறங்கி, அந்தக் கடைக்குப் பின்னாடியே மூஞ்சியக் கழுவி, சுடிதாரை மாத்திக்கிட்டா. ஸ்ட்ராங்கா ரெண்டு காபி வாங்கிக் குடுத்தேன். காஞ்சிபுரம் பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கெடைச்சுச்சு. ரெண்டு ஸ்டாப் தாண்டுறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு மடியில வச்சிருந்த அவ நோட்டு நழுவி விழுந்துச்சு. எடுத்து வச்சுக்கிட்டேன். எழுப்பிப் படின்னு சொல்றதா, தூங்கட்டும்னு விடுறதா? எனக்குத் தெரியல. காஞ்சிபுரம் வர்ற வரைக்கும் தெரியல. விட்டுட்டேன்.

ஸ்கூல் வாசல்ல ஒரு வேப்ப மரத்தடியில, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்த அப்பா அம்மாக்களோட நானும் உக்காந்திருந்தேன். வேண்டாத சாமி இல்ல. பரீட்சை முடிஞ்சு எல்லாரும் அந்தக் கேள்வி இந்தக் கேள்வின்னு பேசிக்கிட்டே வந்தாங்க. அக்கா கடைசியா வந்தா. கன்னத்துல மேசை விளிம்பு அழுந்தின கோடு அப்படியே இருந்துச்சு. மொதப் பாதி நல்லாத்தான் போச்சாம். அப்புறம் தலையச் சும்மா சாய்ச்சாளாம். மேற்பார்வை பாத்த டீச்சர் வந்து தட்டி எழுப்பினப்ப கொஞ்ச நேரம்தான் மிச்சமாம். பதில் போடாத கேள்வி நாப்பது. சொல்லிட்டு, பசிக்குதுடி, இட்லி வாங்கிக் குடுன்னா. நான்தான் இட்லிக் கடையில உக்காந்து அழுதேன். அவ நாலு இட்லி சாப்பிட்டா.

அன்னைக்கே ஹாஸ்டலுக்கு வந்து ஆப்பைத் திருத்தினேன். எதையும் செய்யிறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியக் கேட்கணும், பதில் சொல்லாம யாரையும் மேல விடக் கூடாதுன்னு மாத்தினேன். மாத்தினா குறிப்பு எழுதணும்ல. என்னன்னு எழுதுறது? எல்லாரும் எழுதுறதைத்தான் நானும் எழுதினேன். 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன.' மறுநாள் சாயங்காலம் அக்கா மாடியில இருந்து எறங்கி வந்தா. போனை என் முன்னாடி நீட்டினா.

"சின்னதாடி?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். திட்டல, கத்தல. அதுக்கப்புறம் வழக்கம் போலத்தான் இருந்தா. என் ஊறுகாயத் திருடித் தின்னா, என் ஆப்புல தப்புத் தேடினா. ஆனா அன்னைக்கு அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. வாயத் தொறந்து மன்னிச்சுக்கன்னு கூடச் சொல்லல. இருபத்தி ரெண்டு வயசுல எனக்கு இருந்த கொழுப்பு அப்படி. அந்தக் குறிப்பையும் மாத்தல.

ரிசல்ட் வந்தப்ப அவ நம்பர் இல்ல. தையில கல்யாணம். அவ ஊருக்குக் கெளம்பின அன்னைக்கு, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தூங்கிக்கிட்டிருந்த ரெண்டு பேரை அந்த ரூம்ல மொத தடவையா வேணும்னே எழுப்பினோம். எட்டுப் பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தது அந்த ஒரு தடவைதான். அவ பெட்டிய ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனோம். ஒருத்தி அழ ஆரம்பிச்சு எல்லாரும் அழுதோம். சண்டை போட்டுக்கிட்டே இருந்தவளுங்கதான் அதிகமா அழுதாளுங்க. அந்த வருசத்துக்குள்ள ரூமே கலைஞ்சு போச்சு. எனக்கு வேற கம்பெனி, பகல் வேலை, கல்யாணம். அக்காவோட பொங்கலுக்குப் பொங்கல் பேசுவேன். பிள்ளைங்க, மாமியா, மழை பெஞ்சுச்சா, இதுதான். பரீட்சையப் பத்தி அவளும் எடுத்ததில்ல, எனக்கும் தைரியம் வந்ததில்ல.

போன மாசம் அந்த மறைமலை நகர்க்காரர் மெசேஜ் வந்தப்பதான், அந்தப் பழைய குறிப்பைத் தேடிப் போய்ப் படிச்சேன். 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன.' இத்தனை வருசமா ஊரே பாக்குற இடத்துல அந்தப் பொய் அப்படியே உக்காந்திருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே அதுக்குக் கீழ எழுதினேன்: 'மேலே சொன்னது பொய். பிழை சிறுசு இல்ல. வேற கம்பெனி ஒண்ணோட கணக்கைச் சோதிக்காம எல்லாருக்கும் போட்டது என் தப்பு. அதனால அரசாங்கப் பரீட்சைக்கு ராப்பகலாப் படிச்ச ஒருத்தி, ராத்திரி முழுக்க லைன்ல நின்னுட்டு, தூங்காமப் போய் அந்தப் பரீட்சைய எழுத வேண்டியதாப் போச்சு. அந்தக் கேள்வி இதனாலதான் இங்க இருக்கு. எடுக்கமாட்டேன்.' மறைமலை நகர்க்காரர் படிச்சுட்டு, தான் அனுப்பின திருத்தத்தை வாபஸ் வாங்கிட்டார். போறப்ப ஒரு ஸ்டார் போட்டுட்டுப் போயிருந்தார்.

அந்தப் பக்கத்தை அக்காவுக்கும் அனுப்பினேன். கூடவே, மன்னிச்சுக்கக்கான்னு ஒரு வரி. படிச்சுட்டான்னு காட்டுச்சு. பதில் இல்ல. ரெண்டு நாளா, ஏன்டி கெளறுனேன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்.

மூணாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டா. என்னமோ நேத்துத்தான் மாடியில இருந்து எறங்கி வந்தவ மாதிரி, சாப்பிட்டியாடின்னு ஆரம்பிச்சா. அவ மக ரெண்டாங்கிளாஸ் படிக்கிறாளாம். வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கப் போனா, நீ கம்பெனியில ஒயரு சுத்தினவதானே, உனக்கு என்னம்மா தெரியும்னு கேக்குறாளாம். அவ அப்பத்தா வீட்ல அப்படித்தான் பேச்சு. பரீட்சைக்குப் படிச்ச புத்தகம், நோட்டு எல்லாத்தையும் கல்யாணத்தப்பவே எடைக்குப் போட்டாச்சாம்.

"நீ அனுப்பினதை அவள எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னேன்டி. ரெண்டு தடவை படிச்சா. நெசமாவே நீ அந்தப் பரீட்சை எழுதினியாம்மான்னு கேட்டா."

அவளே தொடர்ந்தா.

"ஆனா 'ஒருத்தி'ன்னு போட்டிருக்க. அது யாரோன்னு இருக்கு. எம் பேரைப் போடு."

போனை வச்ச கையோட உக்காந்து மாத்தினேன். அவ பேரையும் இனிஷியலையும் முழுசாப் போட்டேன். அதுக்குன்னே ஒரு புது வெர்ஷன் விட்டேன். அதுல வேற எதையும் மாத்தல.